மச்சம் புழங்காத வீடு

கட்டுகஸ்தோட்டையில் அறை தேடி வந்த பிரியாந்தினியிடம் பரமநாதன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். பிள்ளை சைவமோ என்றார். சாமியைப் பற்றியல்ல, சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார். மீன், இறைச்சி, முட்டை எதுவும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. பத்து வருசமாகத் தான் மச்சம் தொடுவதில்லை என்று அவள் சொன்னதும் வாடகையையும் தண்ணீர் வரும் நேரத்தையும் சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். அவள் அரசாங்க மிருக வைத்தியர் என்று தெரிந்ததும் அவருடைய மனைவி மங்களேஸ்வரிக்கு இன்னும் சந்தோஷம். வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் மூன்று பசுக்கள் நின்றன.

பரமநாதன் யாழ்ப்பாணத்தில் பிறந்து, நில அளவைத் திணைக்களத்தில் வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் கண்டியிலேயே தங்கிவிட்டவர். எழுபத்தொரு வயதிலும் முதுகு வளையவில்லை. ஒரே மகன் தர்சன் கனடாவில். மகன் போன பிறகு வீட்டில் சத்தம் குறைந்துபோனதால்தான் மாடு வளர்க்கத் தொடங்கியதாக மங்களேஸ்வரி சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் முதற்கறவைப் பால் பிள்ளையார் கோயிலுக்குப் போகும். மிச்சம் வீட்டுக்கும் அயலுக்கும். காலையில் பிரியாந்தினியின் அறைக்கதவடிக்கு ஒரு பெரிய கோப்பையில் பால் தேத்தண்ணி வரும். அவள் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வளர்ந்தவள். அப்படி ஒரு தேத்தண்ணியை அம்மாவின் கையால் குடித்ததுதான்.

அவள் பிறவியிலேயே சைவச் சாப்பாட்டுக்காரி அல்ல. அவர்கள் வீட்டில் மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே இல்லை. பேராதனையில் படிக்கும்போது, மூன்றாம் வருசத்தில், வகுப்பையே மாடு அறுக்கும் மடுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து இரண்டு கிழமை எல்லோரும் சோறும் பருப்பும்தான் சாப்பிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கோழிக்குத் திரும்பிவிட்டார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. அருவருப்பினால் அல்ல. தனக்காக ஒரு உயிர் அந்த இடத்தில் வந்து நிற்கத் தேவையில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தாள், அந்த முடிவை மாற்றுவதற்கு ஒரு காரணமும் பிறகு அவளுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் மடுவத்துக்குப் பொறுப்பாக அவளை நியமித்தபோது கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முன் இருந்த மூன்று வைத்தியர்களும் ஒரு வருசத்துக்குள் மாற்றம் எடுத்துக்கொண்டு போனவர்கள். நீயும் முடியாதென்று எழுதிக் கொடு என்றார்கள். அவள் எழுதவில்லை. மாடு எப்படியும் அறுக்கப்படப் போகிறது, அது தாகத்தோடு நிற்கிறதா, அடிபட்டு நிற்கிறதா, நோயோடு நிற்கிறதா என்று பார்க்க இறைச்சி சாப்பிடாத ஒருத்தி இருந்தால் மாட்டுக்கு நட்டமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்ப் பொறுப்பெடுத்தாள்.

முதல் மாதமே தண்ணீர்த் தொட்டி கட்டுவித்தாள். மாட்டை ஓட்டத் தடியெடுக்கக் கூடாதென்றாள். பசு என்றால் வெளியே நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை, ஒவ்வொன்றையும் கைவிட்டுச் சோதித்துச் சினை இல்லை என்று கண்ட பிறகுதான் போட்டாள். இறைச்சிக் கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். அங்கே மாடு கட்டுகிற லோரன்ஸ் கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். அவன்தான் முதலில் அவள் பக்கம் வந்தான். அவள் சொல்வதற்கு முன்பே தொட்டியை நிரப்பி வைப்பான்.

இதெல்லாம் பரமநாதனுக்குத் தெரியாது. அவள் மறைக்கவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. அவள் அறைக்கு வந்து மூன்றாவது மாதம், மிருக வைத்தியத் திணைக்களக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் தவறுதலாக வீட்டு விலாசத்துக்கு வந்தது. உறையில் அவள் பெயருக்குக் கீழே ‘விலங்கறுமனைப் பொறுப்பு மிருக வைத்தியர்’ என்று தட்டச்சில் அடித்திருந்தது.

அன்று பின்னேரம் அவள் வேலை முடிந்து வந்தபோது பரமநாதன் விறாந்தைக் கதிரையில் அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“விலங்கறுமனை எண்டால் மாடு வெட்டுற இடம்தானே, பிள்ளை?”

“ஓம் அங்கிள். கிழமையிலை ரெண்டு நாள் அங்கை. மிச்ச நாள் கந்தோரிலை.”

அவர் குரலை உயர்த்தவில்லை. இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நான் என்ன சாப்பிடுகிறேன் என்றுதான் நீங்கள் கேட்டீர்கள், அதற்கு உண்மையைச் சொன்னேன் என்றாள் அவள். வாய்க்குள் போடாவிட்டால் போதுமா, கையெழுத்துப் போட்டுக் கொல்ல விடுகிறவருக்குப் பாவம் இல்லையா என்று கேட்டார். கையெழுத்துப் போட ஆளில்லாவிட்டால் மாடு சாகாமல் இருக்காது, எங்கோ ஒரு வளவுக்குள் இன்னும் மோசமாகச் சாகும் என்று அவள் சொன்னாள். ஆனால் தீர்ப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. மாத முடிவுக்குள் வேறு இடம் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் மாட்டுக் கொட்டில் பக்கம் போகக் கூடாது.

“சரி, போறன்,” என்றாள் பிரியாந்தினி. “உங்கடை வீடு. ஆனால் செய்யிற வேலைக்கு நான் வெக்கப்பட மாட்டன், அங்கிள்.”

அடுத்த நாள் காலையும் தேத்தண்ணிக் கோப்பை கதவடிக்கு வந்தது. கொண்டுவந்தது மங்களேஸ்வரிதான். கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பத்து நாளைக்குப் பிறகு, ஒரு வியாழக்கிழமை. அடுத்த நாள் காலையில் அறுக்க வேண்டிய மாடுகளை முதல் நாள் பின்னேரமே கொண்டுவந்து கட்டுவார்கள். பிரியாந்தினி நீண்ட கையுறையைப் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குள் வந்தபோது லோரன்ஸ் கடைசியில் நின்ற ஒரு பசுவைக் காட்டினான்.

“டொக்டர், இது வீட்டு மாடுங்க. கயித்தப் புடிச்சா பின்னாடியே வருது. நெத்தியில பாருங்க, திருநீறு கூட அழியல.”

அவள் பார்த்தாள். சிவப்பு நிறம், வலது காதில் பழைய கிழிசல். பெயரைக் கூடச் சொல்லியிருப்பாள். சிவப்பி. மூன்று மாதம் காலையில் பல் விளக்கும்போது ஜன்னலால் பார்த்த மாடு. அவளைக் கண்டதும் சிவப்பி தலையை நீட்டியது. பழக்கமான ஆளிடம் புல் எதிர்பார்க்கிற நீட்டல்தான், வேறொன்றுமில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது, மறு கையால் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

சிவப்பி பால் வற்றிப் பல மாதம். இரண்டு முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. பிரியாந்தினி வீட்டுக்கு வந்த புதிதில், தான் ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாள். ஊசி போடுகிறவர் போன மாதம்தான் மூன்றாம் தரம் போட்டுவிட்டுப் போனார், பொறுத்துப் பார்ப்போம் என்று பரமநாதன் சொல்லிவிட்டார். பிறகு கொட்டிலுக்கே போகக் கூடாதென்று ஆகிவிட்டது. மலடு என்று அவரே முடிவு கட்டிவிட்டார் போல.

லோரன்ஸ் பிடித்துக்கொள்ள, அவள் கையை உள்ளே விட்டாள். மற்ற மாடுகளுக்குச் செய்வதைப் போலத்தான் நிதானமாகச் செய்தாள். கர்ப்பப்பை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, பாரத்தில் கீழே இறங்கியிருந்தது. விரலுக்கடியில் இரத்தக்குழாய் குறுகுறுவென்று ஓடியது. அந்த ஓட்டத்தை ஒருமுறை உணர்ந்தவர்களுக்கு இரண்டாம் யோசனை வராது. நாலு மாதச் சினை.

மாட்டை வாங்கியிருந்தவர் முஸ்அப். அலவத்துகொடயில் வாப்பா காலத்திலிருந்து இறைச்சிக் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயது, பேச்சில் நிதானம். பிரியாந்தினி அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். சண்டை வரும் என்று லோரன்ஸ் நினைத்தான். வரவில்லை.

“சினை எண்டா நான் அறுக்க மாட்டேன் டொக்டர்,” என்றார் முஸ்அப். “நீங்க கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் அறுக்க மாட்டேன். வயித்துக்குள்ள ஒண்டு ஈக்கிது எண்டு தெரிஞ்ச பொறகு கத்தி எடுக்கேலா.”

மாடு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாள். தெல்தெனியத் தரகர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார், வீடு தெரியாது என்றார். தனக்குத் தெரியும் என்றாள் பிரியாந்தினி. தான் தங்கியிருக்கிற வீடு என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அந்த வீட்டில் மச்சம் புழங்குவதில்லை என்றும், மடுவத்தில் வேலை செய்கிறவள் என்பதால் தன்னை மாத முடிவில் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். ஏன் அவ்வளவையும் அந்த மனிதரிடம் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

முஸ்அப் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. தொழுவத்து மரச்சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு மாட்டைப் பார்த்தார்.

“டொக்டர், ஒண்டு சொல்றேன், கோவிக்கப்படாது. எறச்சிக்கெண்டு இந்தப் பக்கம் யாரும் மாடு வளக்கிறேல்ல. எல்லாம் பாலுக்கு வளக்கிற மாடுதான். பால் நிண்டா எங்கள்ட்ட வருது. காளக்கண்டு பொறந்தா எங்கள்ட்ட வருது. பால் குடிக்கிறவங்க இல்லாட்டி எங்கட கட இல்ல. ஆனா மத்தவங்க எங்களத்தான் பாக்கிறாங்க.”

பிரியாந்தினிக்கு அது தெரியாத விஷயமல்ல. பரீட்சையில் எழுதியிருக்கிறாள், அறிக்கைகளில் இலக்கமாகப் பார்த்திருக்கிறாள். ஆனால் அன்றைக்குக் காலையில் குடித்த தேத்தண்ணியோடு அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை. நீங்கள் சொல்வது சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, சிவப்பிக்கு அனுமதி இல்லை என்று பதிவில் எழுதிக் கையெழுத்திட்டாள். நாளைக் காலை மாட்டை அந்த வீட்டுக்கே கொண்டுபோய் விடலாமா என்று கேட்டாள். லொறி தன்னுடையது, தானே கொண்டு வருவதாக முஸ்அப் சொன்னார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் அவள் வாய் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் பரமநாதனுக்கு ஒரு கதை கட்ட நேரம் கிடைத்துவிடும். அவரை அவமானப்படுத்த வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் அவர் அந்த மாட்டை நேரே பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். அதில் உறுதியாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லொறி கேற்றடியில் வந்து நின்றது. பரமநாதன் குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் பால் செம்போடு புறப்பட்டுக்கொண்டிருந்தார். லொறியின் பின்பலகையை முஸ்அப் இறக்கினார். சிவப்பி இறங்கி, யாரும் பிடிக்காமலே வீட்டின் பக்கவாட்டால் கொட்டிலுக்கு நடந்து போனது. சத்தம் கேட்டு மங்களேஸ்வரி குசினியிலிருந்து வெளியே வந்து மாட்டைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

முஸ்அப்தான் முதலில் பேசினார். ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, தான் இறைச்சிக் கடைக்காரன் என்பதைச் சொன்னார். மாடு சினையென்று டொக்டர் கண்டுபிடித்தார், அதனால் திருப்பிக் கொண்டு வந்தேன், தரகருடன் என் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், உங்களிடம் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். லொறியடிக்குப் போய் நின்றுகொண்டார்.

பரமநாதனின் முகம் இறுகியது. தரகர் தன்னை ஏமாற்றிவிட்டதாகச் சொன்னார். தெல்தெனியவில் ஒரு பண்ணைக்கு வளர்க்கத்தான் கொடுத்ததாகவும், இறைச்சிக்கென்று தெரிந்திருந்தால் கயிற்றைக் கூட அவிழ்த்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். அவர் பொய் சொல்கிறார் என்று பிரியாந்தினிக்குத் தோன்றவில்லை. அந்த மனிதர் அதை உண்மையாகவே நம்பியிருந்தார். நம்புவதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஒன்றையும் விசாரிக்காமல் இருந்திருக்கிறார்.

“அங்கிள்,” என்றாள் அவள். “பால் நிண்ட மாட்டுக்குச் சும்மா புல்லுப் போடுறதுக்கு ஒருத்தரும் பண்ணை வைக்கேல்லை. உங்களை நான் குற்றம் சொல்ல வரேல்லை. மூண்டு மாசமா இந்த வீட்டுப் பாலைக் குடிச்சுக்கொண்டுதான் நானும் இருந்தனான். நான் மடுவத்திலை நிண்டு பாக்கிறன். நீங்கள் பாக்காமல் இருக்கிறியள். ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்கு முன் மங்களேஸ்வரி பேசினாள். நாற்பத்துநாலு வருசக் குடித்தனத்தில் பிறர் முன்னிலையில் கணவரின் பேச்சுக்குக் குறுக்கே அவள் பேசியதில்லை.

“நாலு நாம்பன் கண்டு,” என்றாள், கொட்டிலில் பிறந்த காளைக்கன்றுகளை எண்ணி. “நாலும் தெல்தெனியாவுக்குத்தானே போனது? ஒவ்வொரு தரமும் நான் பொட்டு வைச்சு அனுப்பினனான். அங்கை போனது எப்பிடி இருக்குது எண்டு நீங்களும் விசாரிக்கேல்லை. நானும் கேக்கேல்லை. கேட்டால் மறுமொழி வந்திடும் எண்டு எனக்குத் தெரியும்.”

அழவில்லை. சொல்லி முடித்ததும் லொறியடிக்குப் போய், முஸ்அப்பிடம் தேத்தண்ணி குடிப்பீர்களா என்று கேட்டாள். அவர் தயங்கினார். பிளேன்ரீதான், பால் விடமாட்டேன் என்றாள் மங்களேஸ்வரி. அவர் வந்து விறாந்தையில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார். பரமநாதன் பால் செம்பைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று கோயிலுக்குப் போகவில்லை.

நாலாம் நாள் கதவடிக்கு வந்த கோப்பையில் பிளேன்ரீ இருந்தது. மங்களேஸ்வரி தான் பாலை விட்டுவிட்டதாகவும், தயிரையும் மோரையும் கூட விட்டுவிட்டதாகவும், பிரியாந்தினிக்கு வேண்டுமானால் தனியாகப் பால் தரலாம் என்றும் சொன்னாள். பிரியாந்தினி வெட்கத்தோடு வேண்டும் என்றாள்.

“நான் இன்னும் அந்தளவுக்கு வரேல்லை அன்ரி. எங்கையிருந்து வருது எண்டு தெரிஞ்சுகொண்டுதான் குடிக்கிறன். அதைச் சரியெண்டு சொல்ல மாட்டன்.”

மங்களேஸ்வரி அவளைத் திருத்தப் பார்க்கவில்லை. பத்து வருசத்தில் முதல் தடவையாக, சாப்பாட்டு மேசையில் தன்னைவிட ஒருபடி முன்னால் போய்விட்ட ஒருவருக்கு எதிரில் பிரியாந்தினி உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்குப் பிடித்துமிருந்தது.

பரமநாதனால் தயிரில்லாமல் சோறு சாப்பிட முடியாது. அவர் அதை ஒளிக்கவுமில்லை. தன் பங்குத் தயிரைத் தானே உறைய வைத்துக்கொண்டார். ஆனால் கொட்டிலுக்கு ஊசி போடுகிறவரை இனிக் கூப்பிடக் கூடாது என்று மனைவி சொன்னபோது மறுக்கவில்லை. இருக்கிற மாடுகள் இருக்கும் வரைக்கும் இருக்கட்டும், புதிதாக ஒன்றும் வேண்டாம் என்று அவரே அயலாருக்குச் சொன்னார். கோயிலுக்குப் பாலுக்குப் பதிலாக இளநீர் கொண்டு போனார். ஐயர் ஏதோ கேட்டாராம், இவர் ஏதோ சொன்னாராம்.

மாத முடிவில் பிரியாந்தினி பெட்டியைக் கட்டினாள். மடவளையில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தாள். பரமநாதன் அறை வாசலில் வந்து நின்று, குளியலறைக் குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது, நாளைக்கு ஆள் வருவார், நீ வீட்டில் நின்றால் நல்லது என்றார். அவள் அவரைப் பார்த்தாள்.

“அங்கிள், நான் நிக்கிறதெண்டால் மடுவத்திலை வேலை செய்யிறவளாத்தான் நிப்பன். கோயில் ஆக்கள் கேட்டாலும் நீங்கள் அப்பிடித்தான் சொல்ல வேணும்.”

“சொல்லிப்போட்டன்,” என்றார் அவர். “போன கிழமையே சொல்லிப்போட்டன்.”

அவள் பெட்டியை அவிழ்த்தாள்.

ஐந்து மாதம் கழித்து, பௌர்ணமிப் போயா நாளன்று மத்தியானம், சிவப்பி கன்று போட்டது. பிரியாந்தினி பக்கத்திலேயே இருந்தாள், ஆனால் அவள் கை தேவைப்படவில்லை. கன்று அரை மணித்தியாலத்தில் எழுந்து நின்று முலையைத் தேடியது. நாம்பன் கன்று. மூன்று பேரும் அதைக் கண்டார்கள். ஒருவரும் அதைப் பற்றி உடனே பேசவில்லை.

பேச்சு வந்தது அடுத்த கிழமை, தெல்தெனியத் தரகர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றபோது. கன்று பிறந்தது அவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ. பழைய விஷயத்தை அவர் கிளறவில்லை. நல்ல பண்ணை ஒன்று இருக்கிறது, காளைக்கன்றைக் கேட்கிறார்கள் என்று தொடங்கினார். பரமநாதன் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். பண்ணையின் பெயர் என்ன, சொந்தக்காரர் யார், தொலைபேசி இலக்கம் என்ன என்று கேட்டார். இப்போதே எடுத்துப் பேசலாமா என்றும் கேட்டார். தரகர் இலக்கம் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். பிறகு வரவில்லை.

அவர் போன பிறகு பரமநாதன் கொட்டிலில் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

“ஒரு நாம்பன் எத்தினை வருசம் இருக்கும், பிள்ளை?”

“ஒழுங்காப் பாத்தால் பதினைஞ்சு வருசம் இருக்கும், அங்கிள். இருவதும் இருக்கும்.”

அவர் தன் வயதோடு அதைக் கூட்டிப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. வேலை செய்யாது, பால் தராது, நாளுக்கு நாள் தின்றுகொண்டிருக்கும். தனக்குப் பிறகு இதை யார் பார்ப்பது என்று கேட்டார். பயந்து கேட்கவில்லை. காணியை அளந்து எல்லைக்கல் எங்கே நடலாம் என்று கேட்கிறவரைப் போலக் கேட்டார்.

“இப்பவே ஒரு ஒழுங்கு செய்து வையுங்கோ,” என்றாள் பிரியாந்தினி.

மங்களேஸ்வரி குசினி ஜன்னலால் கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு எப்படியும் தர்சனுக்குத்தானே என்றாள் உள்ளேயிருந்து. வீட்டை எடுக்கிறவர் மாட்டையும் எடுக்க வேண்டும், வீட்டு உறுதிப் பத்திரத்தில் அப்படியே எழுதலாம் என்றாள். கனடாவிலிருந்து மகன் என்ன சொல்வான் என்று பரமநாதன் யோசித்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. கையைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, உறுதி எழுதுகிற தன்னுடைய பழைய நொத்தாரிசின் தொலைபேசி இலக்கத்தைத் தேடத் தொடங்கினார்.